கண்ணாடியைக் கூட்டியது யார்?

(பெங்களூரு மடிவாளா. காலை நேரம், செல்வியின் இட்லிக் கடை. முரளியின் கண் கைபேசியில்.)

முரளி: அநியாயம், அக்கா! கூட இருந்தவனையே முகத்தில் உதைத்து, கண்ணாடி ஜன்னல் வழியாகத் தூக்கி எறிந்துவிட்டான்.

செல்வி: ஐயோ! உங்கள் ஆபீஸ் ஆறாவது மாடி ஆயிற்றே!

முரளி: மாடி ஏது? தரையோடு இருந்த ஜன்னல்தான்.

செல்வி: சரி, கண்ணாடியைக் கூட்டியது யார்?

முரளி: அதுவா முக்கியம்? இருவரும் ஒரே டீம். பட்டத்தையே ஜெயித்தார்கள். போட்டியின் நடுவில் மேல்கயிறு அறுந்தது. வெற்றியைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

செல்வி: சேர்க்க மாட்டார்கள். ஒரே டீம், ஒரே குடும்பம் என்று போஸ்டர் ஒட்டுவார்கள். அந்தப் போஸ்டரில் தூசி துடைத்தவள் நான். தீபாவளிப் பெட்டி கொடுக்கும்போது மட்டும், ‘நீங்கள் கான்ட்ராக்ட் ஆள்’ என்றார்கள். உதை வாங்கியவன் என்ன ஆனான்?

முரளி: 1993 மே மாதம் உதைத்தவனையே தோற்கடித்து, அவன் வைத்திருந்த இன்னொரு பட்டத்தைப் பறித்தான்.

செல்வி: 1993-ஆ? அப்போது நீ பிறக்கவே இல்லையே!

முரளி: நான் சொல்வது அமெரிக்க டிவி மல்யுத்தம், அக்கா. ‘ராக்கர்ஸ்’ ஜோடி. உதைத்தவன் ஷான் மைக்கேல்ஸ், உதை வாங்கியவன் மார்ட்டி ஜானெட்டி. 1992 ஜனவரியில் டிவியில் பிரிந்தார்கள்.

செல்வி: கண்ணாடி?

முரளி: நாடகக் கண்ணாடி.

செல்வி: நாடகக் கண்ணாடியும் தானாக எழுந்து குப்பைத்தொட்டிக்குப் போகாது.

முரளி: மைக்கேல்ஸ் 1996-இல் உலகச் சாம்பியன். 2011-இல் ஹால் ஆஃப் ஃபேம். ஜானெட்டியோ 1994-இல் வேறொருவனோடு சேர்ந்து டேக் டீம் பட்டம் வாங்கினான். ஒரே வாரத்தில் போய்விட்டது. இன்றைக்கும் எந்த ஜோடியைப் பார்த்தாலும், ‘இதில் பின்தங்கப்போகும் ஜானெட்டி யார்?’ என்றுதான் கேட்கிறார்கள்.

செல்வி: அவனுக்காவது கேலி பேசவேனும் ஒரு பெயர் இருக்கிறது. கூட்டியவளுக்கு?

(முரளி சட்னி கேட்கிறான். சட்னி வரவில்லை.)

செல்வி: அது என்ன டேக் டீம்?

முரளி: ஒருவன் உள்ளே சண்டை போடுவான். மற்றவன் மூலையில் கயிற்றைப் பிடித்தபடி வெளியே நிற்பான். உள்ளே இருப்பவன் வந்து தொட்டால்தான் இவன் இறங்கலாம்.

செல்வி: தொட்ட பிறகு?

முரளி: தொட்டவன் வெளியே போய்விடலாம். மிச்சத்தை இவன் பார்த்துக்கொள்ள வேண்டும்.

செல்வி: நல்லது. உன் அறைத்தோழன் கார்த்திக் இரண்டு நெய் தோசை, ஒரு வடை, காபி சாப்பிட்டான். நூற்று எழுபது ரூபாய் எடு.

முரளி: நான் எதற்கு?

செல்வி: போகும்போது உன் தோளைத் தட்டிவிட்டுத்தானே போனான்.