ஒகேனக்கல் பாறைக்கு அவ்வளவு வயசில்லை

"எங்க தருமபுரி ஒகேனக்கல் பாறைதான் உலகிலேயே பழசு" என்று ஒருவர் எழுதியிருந்தார். நானும் இந்த மாவட்டம்தான், ஆனாலும் அது சரியில்லை. இங்குள்ள கார்பனடைட் பாறைக்கு (கார்பனேட் கனிமம் மிகுந்த குழம்பு உறைந்து உண்டான பாறை) வயது சுமார் 240 கோடி ஆண்டு. கனடாவின் அகாஸ்டா பாறைக்குச் சுமார் 400 கோடி! கார்பனடைட் வகைக்குள் வேண்டுமானால் நம்முடையது மிகப் பழையவற்றில் ஒன்று. அருவியைச் சுற்றியுள்ள பாறை மொத்தமும் கார்பனடைட் என்பதும் தப்பு. அப்பகுதியில் அங்கங்கே ஊடுருவிக் கிடக்கிறது, அவ்வளவுதான்.

உண்மையான அதிசயம் வேறு. இந்தக் கார்பனடைட் வகைக் குழம்பை இன்றும் கக்கும் எரிமலை உலகில் ஒன்றே ஒன்று, தான்சானியாவின் ஓல் டொய்ன்யோ லெங்காய். அதன் குழம்பு வெறும் 500, 600 டிகிரிதான். வழக்கமான எரிமலைக் குழம்பில் பாதிச் சூடு. கறுப்பாக ஓடி, ஈரம் பட்டதும் வெளுத்துவிடும்.