ஆறு வாரத்துக்குப் பிறகும் வீக்கம் இருந்தால் ஆபரேஷன் தோல்வியா?

இடுப்பு மூட்டு மாற்றி ஆறு வாரம் கழித்தும் கால் வீங்கினால் ஆபரேஷன் தோல்வி, கெண்டைக்காலில் சூடாக எண்ணெய் போட்டு அழுத்தி உருவுங்கள் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டுமே தவறு.

லேசான வீக்கம் 3 முதல் 6 மாதம் வரை இருப்பது சகஜம். காலையில் வற்றும், நடமாடினால் மாலையில் ஏறும். ஸ்டூலில் கால் நீட்டினால் போதாது. படுத்துக்கொண்டு, பாதம் நெஞ்சு மட்டத்துக்கு மேலே இருக்கும்படி தலையணை வையுங்கள். துணியில் சுற்றிய ஐஸ், 15-20 நிமிடம்.

உருவுவதுதான் பயங்கரம். உள்ளே ரத்தம் உறைந்திருந்தால் அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலை அடைக்கலாம். திடீரென்று வீக்கம் கூடினாலோ, கெண்டைக்கால் வலித்தாலோ, காய்ச்சலோ தையலில் கசிவோ வந்தாலோ அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். மூச்சுத் திணறினால் உடனே 108.