துபாய் வழியாக வந்தால் சீன கெமிக்கலுக்கும் வரி இல்லையா?

"அமீரக ஒப்பந்தம் வந்தாச்சு, சீன கெமிக்கலை துபாயில் இறக்கி டிரம் மாற்றி அனுப்பினால் சுங்க வரியே இல்லை" என்று சாயப்பட்டறை வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு.

இந்தியா–அமீரக வர்த்தக ஒப்பந்தம் 2022 மே 1 முதல் நடைமுறையில் இருப்பது உண்மைதான். ஆனால் வரிச் சலுகை, அங்கே உற்பத்தியான சரக்குக்குத்தான். அங்கிருந்து கப்பல் ஏறியதற்கு அல்ல. டிரம்மை மாற்றுவதும் லேபிள் ஒட்டுவதும் உற்பத்தி ஆகாது. சரக்கு எந்த நாட்டில் உருவானது என்று காட்டும் பிறப்பிடச் சான்றிதழ் கையில் இருந்தாலும் போதாது: சுங்கச் சட்டம் 28டிஏ பிரிவின்படி, சரக்கு எங்கே, எப்படி உருவானது என்ற விவரம் இறக்குமதி செய்பவரிடமே இருக்க வேண்டும். இதற்கான 2020 சுங்க விதிகளின்படி அந்த ஆவணங்களை 5 ஆண்டு வைத்திருக்கவும் வேண்டும். கேட்கும்போது காட்டாவிட்டால் சலுகை போய்விடும், வரியும் வட்டியும் கட்ட வேண்டிவரும். டிரம் மாற்றச் சொன்னவர் அப்போது போனை எடுப்பாரா?

சரி, சலுகை கிடைத்தாலும் குறைவது அடிப்படைச் சுங்க வரிதான். இறக்குமதிக்கான ஜிஎஸ்டியான ஐஜிஎஸ்டியைக் கட்டித்தான் ஆக வேண்டும்.

உங்கள் சரக்கின் எட்டு இலக்கச் சுங்க வகைப்பாட்டு எண்ணை, சுங்கத் துறையின் ஐஸ்கேட் இணையதளத்தில் போட்டால் வரி விகிதம் தெரியும். அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.