மான் இறைச்சியால் நீர்க்கட்டி நோய் வருமா?

"மானின் நுரையீரலில் நீர்க்கட்டி இருந்தால், அந்த இறைச்சியைச் சாப்பிட்டவருக்கும் கட்டி வரும்" என்றொரு செய்தி பரவுகிறது. இது தவறு.

எக்கினோகாக்கஸ் என்ற நாடாப்புழு முழு வளர்ச்சி அடைவது ஓநாய், நரி, நாய் போன்றவற்றின் குடலில். நீளம் சில மில்லிமீட்டர்தான். அவற்றின் மலத்தில் வெளியேறும் முட்டைகள் புல்லோடு மானுக்குள் போய், நுரையீரலிலோ கல்லீரலிலோ கட்டியாகின்றன. மனிதருக்கு நோய் தருவதும் அதே முட்டைகள்தான்: நாயின் ரோமம், கழுவாத கை, கீரை, அசுத்தமான நீர் வழியாக உள்ளே போகின்றன. அறிகுறி தெரியவே பல ஆண்டுகள் ஆகலாம்.

கட்டிக்குள் இருக்கும் இளம்புழுவோ நாயினத்தின் குடலில்தான் வளரும். உண்மையான ஆபத்து, மானின் ஈரலையும் நுரையீரலையும் நாய்க்குப் பச்சையாகப் போடுவதில் இருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கால்நடை மருத்துவரைக் கேட்டு நாய்க்குப் பிராசிகுவாண்டல் என்ற நாடாப்புழு மருந்தைக் கொடுங்கள்.