சூரணம் உங்கள் இஷ்டம், ஊசியை நிறுத்தச் சொல்லாதீர்கள்

அந்தச் சித்த வைத்திய முகாம் வீடியோவை எனக்கு அனுப்பாதவர்கள் இனி யாரும் பாக்கியில்லை. போதும். முழுசாகவே பார்த்துவிட்டேன். எனக்கு இருக்கிற அதே எம்.எஸ். (மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்) நோய் இருக்கிற ஒரு பொண்ணை முகாம் வைத்தியர் மேடையில் நடக்க வைத்து, "ஊசி மாத்திரையெல்லாம் தூக்கிக் கடல்ல போடுங்க, ஒரு மண்டலம் என் சூரணம் போதும்" என்று மைக்கில் சொல்கிறார். நம்ம கீழக்கரை ஆட்களே கைதட்டுகிறார்கள்.

சூரணம் சாப்பிடுவது உங்கள் இஷ்டம். ஊசியை நிறுத்தச் சொல்லாதீர்கள்.

அந்தப் பொண்ணு எப்படி நடந்தது என்று கேட்கிறீர்கள். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் பெரும்பாலானவர்களுக்கு வந்து வந்து போகிற நோய். உடம்பின் எதிர்ப்பு சக்தியே மூளை, தண்டுவட நரம்புகளின் மேலுறையைத் தாக்கும். கை மரக்கும், கால் இழுக்கும், பார்வை மங்கும். சில வாரங்களில் பல நேரம் தானாகவே தணியும். தணிகிற நேரத்தில் யார் எதைக் கொடுத்திருந்தாலும் பேர் அவருக்குத்தான். அடுத்த தாக்குதல் வரும்போது அந்த மேடையும் இருக்காது, கேமராவும் இருக்காது.

எனக்கு முதலில் வந்தது கண்ணில். மொட்டைமாடியில் முண்டு வத்தல் காயப் போட்டிருந்தோம். கண்ணை அசைத்தாலே வலி. ஒரு கண்ணால் பார்த்தால் வத்தல் நல்ல சிவப்பு, இன்னொரு கண்ணால் பார்த்தால் வெளிறிப்போன செங்கல் நிறம். "தூக்கம் பத்தலடி" என்றார்கள் உம்மா. மதுரையில் ஸ்கேன் எடுத்து, மெத்தில்பிரெட்னிசலோன் டிரிப் ஏற்றினார்கள். பார்வை திரும்பியது. ஸ்டீராய்டு வந்த தாக்குதலைச் சீக்கிரம் அடக்கும், அவ்வளவுதான். அடுத்தது வராமல் குறைப்பதற்குத்தான் தொடர் மருந்து. நன்றாக இருக்கும்போதும் அதைப் போட்டுக்கொள்ள வேண்டும். வெளியே ஒன்றும் தெரியாத நாளிலும் மூளையில் புதுத் தழும்பு விழலாம். ஃபிங்கோலிமோடு மாத்திரையை நிறுத்தினால் நோய் முன்னைவிடக் கடுமையாகத் திரும்பலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018லேயே எச்சரித்தது. இதெல்லாம் தெரியாமல் கடலில் போடச் சொல்வதா?

"சித்த மருத்துவத்தை இழிவுபடுத்துறியா?" இல்லை. உம்மாவின் மூட்டுவலிக்கு நாங்கள் போவது சித்த டாக்டரிடம்தான். என் நோயைக் கேட்டதும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "நரம்பு டாக்டர் மருந்தை விட்டுடாதீங்க."

"எதிர்ப்பு சக்தியைக் கூட்டும் பொடிதானே?" என் நோயே எதிர்ப்பு சக்தி என் மேல் பாய்வதுதான். அதை இன்னும் கூட்டி என்ன செய்யச் சொல்கிறீர்கள்? இதே நோய்க்குத் தேனீயைக் கொட்டவிடும் வைத்தியத்தை நெதர்லாந்தில் சோதித்தே பார்த்தார்கள். 2005இல் முடிவு வந்தது, பலன் இல்லை.

யோகா செய்கிறேன். பிசியோதெரபி செய்கிறேன், கால் இறுக்கத்துக்கு அது இல்லாமல் முடியாது. ரத்தத்தில் பார்த்துவிட்டு வைட்டமின் டி எடுக்கிறேன். ஏர்வாடி தர்காவுக்குப் போய் உம்மா துஆ செய்தால் எனக்கும் மனசு லேசாகிறது. அந்த ஏர்வாடியிலேயே இன்று மனநோயாளிகளுக்கு மருந்தும் துஆவும் சேர்த்துத்தான். 2001 ஆகஸ்ட் 6 அன்று சங்கிலியில் கட்டிப்போட்ட 28 உயிர் தீயில் போன பிறகு வந்த புத்தி அது. எல்லாம் கூடவே இருக்கட்டும். ஊசி இருக்கும் இடத்தில் ஊசிதான் இருக்க வேண்டும்.

"காசில்லாதவங்க என்ன செய்வாங்க?" இந்தக் கேள்விக்கு மட்டும் எனக்குக் கோபம் வரவில்லை. புது மருந்துகள் லட்சக் கணக்கில் போகின்றன. அதனால்தான் இங்கே பல நரம்பியல் டாக்டர்கள் விலை குறைந்த ரிட்டுக்ஸிமாப் கொடுக்கிறார்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் எம்.எஸ். இருக்கிறது. அந்த மாற்றுத்திறனாளி அட்டை வாங்க என்னை ராமநாதபுரம் கூட்டிப்போக ஒருத்தர் வரவில்லை. முகாமுக்கு வேன் பிடித்துக் கொடுக்க இத்தனை பேர் இருக்கிறீர்கள்.

வேறென்ன செய்தீர்கள்? "பார்க்க நல்லாத்தானே இருக்கே" என்றீர்கள். மே மாதப் புழுக்கத்தில் அடுப்படியில் நின்றால் எனக்குப் பார்வை மங்கும், கால் துவளும். உடம்பு சூடேறினால் இந்த நோய்க்கு அப்படித்தான். ஈரத்துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்தால் சரியாகும். கல்யாண வீட்டில் அப்படி உட்கார்ந்ததற்கு "வேலைக்குப் பயந்தவ" என்று என் காதுபடச் சொன்ன மாமியும் இப்போது அதே வீடியோவை அனுப்பியிருக்கிறார்கள். அக்கறையாம். அன்றைக்கு ஒரு நாற்காலி தள்ளிப் போட்டிருந்தால் அதை அக்கறை என்று நம்பியிருப்பேன்.

வீடியோவில் இருக்கும் பொண்ணின் காக்கா (அண்ணன்) என் நட்புப் பட்டியலில் இருக்கிறார். காக்கா, தங்கச்சி என்ன மருந்தில் இருந்தது, கடைசி டோஸ் எப்போது என்று உடனே அவளுடைய டாக்டருக்குப் போன் பண்ணிச் சொல்லுங்கள். பேசத் தயக்கமாக இருந்தால் ஃபைலை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வாங்க, நான் பேசுகிறேன். மதுரைக்குப் போக வேண்டியிருந்தால் நானும் கூட வருகிறேன்.