போர்ட்ஸ்மவுத் இறங்கியது 9 புள்ளி வெட்டால் அல்ல

இங்கிலாந்தின் கால்பந்துக் கிளப்பான போர்ட்ஸ்மவுத், அந்நாட்டின் முதல்நிலை லீக்கான பிரீமியர் லீக்கிலிருந்து 2010இல் கீழ்நிலைக்கு இறங்கியது. “9 புள்ளிகளைப் பறிக்காமல் இருந்திருந்தால் 2010இல் போர்ட்ஸ்மவுத் பிரீமியர் லீக்கிலேயே நீடித்திருக்கும்” என்ற பேச்சு மறுபடியும் சுற்றுகிறது. இது தவறு.

2010 பிப்ரவரி 26 அன்று, கடனை அடைக்க முடியாமல் கிளப், திவால் நிலையைக் கையாள நியமிக்கப்படும் நிர்வாகியின் கட்டுப்பாட்டுக்குள் போனது. பிரீமியர் லீக்கில் இருக்கும்போதே அந்த நிலைக்கு வந்த முதல் கிளப் அதுதான். அதற்காக 9 புள்ளிகள் வெட்டப்பட்டது உண்மை. சரி, அவற்றைத் திருப்பிச் சேர்த்துப் பாருங்கள்: சீசன் முடிவில் கிளப்புக்கு இருந்த 19 புள்ளிகள் 28 ஆகும். பட்டியலில் அதற்கு மேலே இருந்து, அதனுடன் இறங்கிய ஹல், பர்ன்லி இரண்டுக்கும் 30. இறங்காமல் தப்பித்த வெஸ்ட் ஹாமுக்கு 35. ஆக, அப்போதும் போர்ட்ஸ்மவுத்துக்குக் கடைசி இடம்தான்.

உண்மையான காயம் வேறு. அந்த ஒரே சீசனில் கிளப் நான்கு உரிமையாளர்களைக் கண்டது. வீரர்களின் சம்பளம் தாமதமானது. நிர்வாகி வந்தபின் 85 ஊழியர்கள் வேலை இழந்தார்கள்; புள்ளிக் கணக்கைவிட இதைத்தான் அதிகம் பேசியிருக்க வேண்டும். அத்தனைக்கும் நடுவே அணி, இங்கிலாந்துக் கிளப்களின் நாக்-அவுட் தொடரான எஃப்.ஏ. கோப்பையின் இறுதிவரை போய், செல்சியிடம் 1-0 எனத் தோற்றது. 2013இல் ரசிகர்களின் அறக்கட்டளையே கிளப்பை வாங்கிக் காப்பாற்றியது.