ஜான்சி ராணிப் படை வெறும் நர்ஸ் பிரிவு அல்ல

சுபாஷ் சந்திர போஸின் இந்திய தேசிய ராணுவத்தில் (ஐ.என்.ஏ.) பெண்கள் காயத்துக்குக் கட்டுப்போட மட்டுமே இருந்தார்கள் என்பது தவறு. அதன் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படையில் செவிலியர் பிரிவு ஒரு பகுதிதான். 1943 அக்டோபர் 22 அன்று சிங்கப்பூரில் முகாம் திறந்தது. துப்பாக்கி, பயனெட், பிரென் கன் (இலகுரக இயந்திரத் துப்பாக்கி) பயிற்சி, முதுகில் சுமையோடு நெடுநடை எல்லாம் உண்டு. தலைமை லட்சுமி சுவாமிநாதன். சேர்ந்தவர்களில் ஏராளமானோர் மலாயா ரப்பர் தோட்டத் தமிழ்ப் பெண்கள். இதை நம்மவர்களே மறந்துவிடுகிறோம்.

அதற்காக, இந்தப் பெண்கள் மணிப்பூரின் இம்பாலில் சண்டையிட்டார்கள் என்பதும் சரியல்ல. 1944இல் பர்மாவின் மேமியோ வரை போனார்கள். ஆனால் மழையிலும் உணவுத் தட்டுப்பாட்டிலும் ஜப்பானியப் படையும் ஐ.என்.ஏ.வும் நடத்திய இம்பால் படையெடுப்பு முறிந்து, ஜூலையில் பின்வாங்க உத்தரவு வந்துவிட்டது. 1945 ஏப்ரலில் ரங்கூனிலிருந்து பாங்காக் நோக்கித் திரும்பும்போது, விமானத் தாக்குதலுக்குத் தப்ப இரவு இரவாக நடந்தார்கள்.